உடலையே ஆய்வுக்கூடமாக்கிய அறிஞர் ஹால்டேன்

(மூன்றாம் ஆண்டு விலங்கியல் மாணவி)

அறிஞர்களின் வாழ்க்கை வரலாற்றைத் தேர்வுக்காகப் படிப்போர் உண்டு. பேச்சுப் போட்டிக்காகப் படிப்போரும் உண்டு. நான் ஓர் அறிஞரின் வரலாற்றைத் தேடிப் படித்தமைக்குக் காரணம் உள்ளங்கை அளவான ஓர் அட்டை. அதைப் பற்றி இம்மலரில் எழுதலாமா என்று பல நாள் தயங்கினேன். எழுதினால் என்னைப் போன்ற இன்னொருவருக்குப் பயன்படும் என்று எங்கள் துறைப் பேராசிரியை கூறியதால் எழுதத் துணிந்தேன்.

நான் நீலகிரி மாவட்டம் கூடலூரை அடுத்த காட்டோரச் சிற்றூரில், பழங்குடிக் குடும்பத்தில் பிறந்தவள். முதலாண்டு விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தபோது அங்கு இரத்தப் பரிசோதனை முகாம் ஒன்று நடந்தது. சில வாரங்களுக்குப் பின் வந்த அட்டையில், நான் அரிவாள் செல் பண்பைத் தாங்குபவள் என்று குறித்திருந்தது. நான் நோயாளி அல்லள். நோய்க்குரிய ஜீன் என்னிடம் ஒற்றையாக இருக்கிறது, அவ்வளவே. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த ஜீனைப் பெற்று இரட்டையாக உடைய குழந்தைக்குத்தான் நோய். அக்குழந்தையின் சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளைந்து நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைத்துக்கொள்ளும். மூட்டு வலியும் காய்ச்சலும் சோகையுமாக அது படும் பாடு சொல்லி முடியாது. என் தாய்மாமனின் இளைய மகன் ஒன்பது வயதில் இந்நோயால் இறந்ததைக் கண்ணால் கண்டவள் நான்.

அட்டை வந்த அன்றிரவு என் தாய் ஒன்று கேட்டார். நம் இரத்தம் மட்டும் ஏன் இப்படிக் கெட்டுப்போயிற்று என்பதே அக்கேள்வி. விலங்கியல் படிக்கும் மகளிடம் விடை இல்லை.

மூன்றாமாண்டில் பரிணாமப் பாடம் தொடங்கிற்று. தீமை பயக்கும் பண்புகளை இயற்கைத் தேர்வு தலைமுறை தலைமுறையாகக் களைந்துவிடும் என்று படித்தோம். அவ்வாறாயின் எங்கள் இரத்தத்திலிருந்து இதனை ஏன் களையவில்லை? வகுப்பில் எழுந்து கேட்டேன். பேராசிரியை உடனே விடை கூறவில்லை. நூலகத்திற்குச் சென்று ஹால்டேன் என்ற பெயரைத் தேடிப் படித்துவிட்டு வரும்படி பணித்தார். அவ்வாறு தேடிக் கண்டதே இக்கட்டுரை.

சுரங்கத்தில் ஒரு சிறுவன்

ஜான் பர்டன் சாண்டர்சன் ஹால்டேன் 1892 ஆம் ஆண்டு நவம்பர் 5 ஆம் நாள் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகரில் பிறந்தார். தந்தையார் ஜான் ஸ்காட் ஹால்டேன் சுவாசத்தை ஆராய்ந்த உடலியல் அறிஞர். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நச்சு வாயுவால் மாள்வதைத் தடுக்க வழி தேடியவர். மகனையும் சுரங்கத்திற்குள் உடன் அழைத்துச் செல்வார். ஒருமுறை கூரையை ஒட்டி மீத்தேன் வாயு தேங்கியிருந்த இடத்தில் மகனை நிமிர்ந்து நிற்கச் செய்து, ஷேக்ஸ்பியரின் நாடக வசனம் ஒன்றை ஒப்பிக்கச் சொன்னார். சிறிது நேரத்தில் மூச்சு முட்டிக் கால்கள் தளர்ந்து சிறுவன் தரையில் விழுந்தான். தரையருகே நல்ல காற்று இருந்ததால் தெளிந்தெழுந்தான். மீத்தேன் காற்றைவிட இலேசானது என்னும் பாடத்தை இப்படிக் கற்றவன் வாழ்நாளில் மறப்பானா? இக்காலப் பெற்றோர் இம்முறையைப் பின்பற்ற வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

ஈட்டன் பள்ளியிலும் ஆக்ஸ்போர்டு நியூ கல்லூரியிலும் பயின்ற ஹால்டேன், கணிதத்திலும் பின்னர் கிரேக்க, இலத்தீன் இலக்கியங்களிலும் முதல் வகுப்பில் தேறினார். உயிரியலில் பட்டம் ஏதும் பெறவில்லை என்பது வியப்புக்குரியது. ஆயினும் தங்கை நவோமி வளர்த்த கினிப் பன்றிகளோடு வீட்டிலேயே அவருடைய மரபியல் பாடம் தொடங்கிவிட்டது. சுண்டெலிகளில் சில ஜீன்கள் ஒன்றோடொன்று பிணைந்து சந்ததிக்குச் செல்வதை, தங்கையும் ஸ்பிரண்ட் என்ற நண்பரும் உடனிருக்க அவர் கண்டறிந்தார். அக்கட்டுரை 1915 இல் வெளிவந்தது. அதே ஆண்டு ஸ்பிரண்ட் முதல் உலகப் போரில் மாண்டார். ஹால்டேனும் அப்போது பிரான்சின் போர்முனையில்தான் இருந்தார். நச்சு வாயுவைத் தடுக்கும் முகமூடிகளைத் தந்தையாருடன் சேர்ந்து தம் நுரையீரலைக் கொண்டே சோதித்தார். பின்னர் மெசபடோமியாவில் காயமுற்று, உடல் தேற இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். இந்நாட்டின்பால் அவர் கொண்ட பற்றின் தொடக்கம் அதுவே எனலாம்.

இயற்கைத் தேர்வுக்கு ஒரு கணக்கு

டார்வின் 1859 இல் தம் நூலை வெளியிட்டபோது, பண்புகள் எவ்வாறு சந்ததிக்குச் செல்கின்றன என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. மெண்டலின் விதிகள் 1900 இல் மீண்டும் வெளிச்சத்திற்கு வந்தன. ஆனால் மெண்டலைப் போற்றியவர்களில் பலர் டார்வினின் தேர்வைப் பெரிதாக மதிக்கவில்லை. இவ்விரண்டையும் கணிதத்தால் இணைத்தவர்கள் மூவர். ரொனால்டு ஃபிஷர், ஸீவல் ரைட் ஆகிய இருவரோடு மூன்றாமவராக நிற்பவர் ஹால்டேன்.

கேம்பிரிட்ஜில் உயிர்வேதியியல் கற்பித்துக்கொண்டிருந்தபோது, 1924 முதல் அவர் தொடர்ச்சியாக வெளியிட்ட கட்டுரைகள் இயற்கைத் தேர்வின் வேகத்தை அளந்தன. அவர் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு மிளகுப் புள்ளி அந்துப்பூச்சி. இது பகலில் மரப்பட்டைகளில் அசையாது ஒட்டியிருக்கும். வெளிர் நிறப் பட்டையில் வெளிர் நிறப் பூச்சி பறவையின் கண்ணுக்குத் தப்பும். மான்செஸ்டர் நகரில் 1848 இல் கரிய பூச்சி ஒன்று கிடைத்தது. ஆலைப் புகை மரங்களைக் கருக்கவே, கரிய பூச்சிகள் பெருகலாயின. 1901 வாக்கில் அப்பகுதியில் வெளிர் நிறப் பூச்சியைக் காண்பதே அரிதாயிற்று. அரை நூற்றாண்டில் இவ்வளவு மாற்றம் நிகழ வேண்டுமாயின் தேர்வு எவ்வளவு வலிமையாக இயங்கியிருக்க வேண்டும்? ஹால்டேன் கணக்கிட்டார். வெளிர் நிறப் பூச்சி இரண்டு சந்ததிகளை விட்டுச் சென்றால் கரிய பூச்சி மூன்றை விட்டுச் சென்றிருக்க வேண்டும் என்று விடை வந்தது.

தோழர்களே, இங்கு ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். எந்த ஒரு பூச்சியும் புகையைக் கண்டு தன் நிறத்தை மாற்றிக்கொள்ளவில்லை. பூச்சிகளுக்குள் வேறுபாடு இருந்தது. அவ்வேறுபாடு சந்ததிக்குச் சென்றது. ஒரு வகை மற்றதைவிட அதிகச் சந்ததிகளை விட்டது. இம்மூன்றும் கூடினால் தொகையின் விகிதம் மாறியே தீரும். தனி உயிர் மாறுவதில்லை, கூட்டமே மாறுகிறது. இயற்கைத் தேர்வின் முழு இரகசியமும் இதுவே.

ஹால்டேனின் கணக்கு மிகையோ என ஐயுற்றோர் இருந்தனர். கெட்டில்வெல் என்பவர் 1950களில் பூச்சிகளைக் காட்டில் விட்டு, பறவைகள் அவற்றைத் தேர்ந்து உண்பதைக் காட்டினார். அவருடைய முறைகளில் குறைகள் கூறப்பட்டன. மைக்கேல் மஜெரஸ் என்னும் அறிஞர் 2001 முதல் ஏழாண்டுகள் கேம்பிரிட்ஜில் மீண்டும் சோதித்தார். அவர் மறைந்த பின் 2012 இல் வெளியான முடிவு பறவைகளின் பங்கை உறுதி செய்தது. கார்டெக்ஸ் என்னும் ஜீனில் புகுந்துகொண்ட ஒரு டி.என்.ஏ. துண்டே கருமைக்குக் காரணம் என்பது 2016 இல் தெரிய வந்தது.

கதை இங்கு முடியவில்லை. பிரிட்டனில் 1956 இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. புகை குறைந்தது, மரப்பட்டைகள் வெளுத்தன. உடனே தேர்வு திசை திரும்பிற்று. நேற்றுவரை உயிரைக் காத்த கருமையே உயிருக்கு உலை வைத்தது. இன்று கரிய பூச்சிதான் அங்கு அரிது.

நல்ல நிறம் எது, கெட்ட நிறம் எது? இடத்தையும் காலத்தையும் சொல்லாமல் இக்கேள்விக்கு விடையே இல்லை. வல்லவன் வாழ்வான் என்று நாம் மேடைகளில் முழங்குகிறோம். ஆனால் நம் பாடநூல் தக்கன பிழைத்தல் என்றே கூறுகிறது. தக்கன என்ற சொல்லை அன்றுதான் நான் நின்று படித்தேன். எதற்குத் தக்கது? அந்த இடத்திற்கு, அந்த வேளைக்குத் தக்கது.

மனிதருக்காக நின்ற கணிதம்

ஹால்டேன் 1933 இல் இலண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் பேராசிரியரானார். அதே ஆண்டு ஹிட்லரின் ஜெர்மனி, மரபு நோய் உடையவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யும் சட்டத்தை இயற்றியது. குறையுள்ளவர்களை ஒழித்தால் இனம் தூய்மையாகும் என்று படித்தவர்களே பேசிய காலம் அது. அத்தகைய வாதங்களை எதிர்த்து மரபும் அரசியலும் என்ற பொருள்படும் நூலை 1938 இல் ஹால்டேன் வெளியிட்டார்.

அவர் காட்டிய வழியில் நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரட்டை ஜீன் இருந்தால் மட்டுமே தோன்றும் நோய் ஒன்று பத்தாயிரத்தில் ஒருவருக்கு வருகிறது எனக் கொள்வோம். அந்த ஜீனை ஒற்றையாகத் தாங்கி நலமுடன் நடமாடுவோர் அதே பத்தாயிரத்தில் 198 பேர். நோயாளி ஒருவரைத் தண்டித்து என்ன பயன்? மறைந்திருக்கும் 198 பேரில் இதை எழுதும் நானும் இருக்கலாம். இதைப் படிக்கும் நீங்களும் இருக்கலாம். கெட்ட ஜீன் ஏதும் இல்லாத தூய மனிதர் எவரும் இல்லை.

பிறருக்குச் செய்யத் துணியாததைத் தமக்கே செய்துகொள்வது அவர் வழக்கம். இரத்தத்தில் அமிலம் மிகுந்தால் என்ன நேரும் என்றறிய அம்மோனியம் குளோரைடு கரைசலைக் குடித்துப் பல நாள் மூச்சிரைப்பால் துன்புற்றார். 1939 ஜூன் மாதம் தீட்டிஸ் என்ற நீர்மூழ்கிக் கப்பல் சோதனை ஓட்டத்தில் மூழ்கி 99 பேர் மாண்டனர். தொழிற்சங்கங்களின் சார்பில் காரணம் ஆராய்ந்த ஹால்டேன், நால்வரோடு இரும்பு அறையொன்றில் தம்மைப் பூட்டிக்கொண்டு, கெட்ட காற்றில் மனிதன் எத்தனை நேரம் செயல்பட முடியும் என்று சோதித்தார். தொடர்ந்து நடந்த அழுத்தச் சோதனைகளில் வலிப்புக் கண்டு அவருடைய முதுகெலும்பு நசுங்கியது. எஞ்சிய வாழ்நாள் முழுவதும் அந்த வலி அவரை விடவில்லை.

அவரிடம் குறையே இல்லை என்று சொல்ல நான் வரவில்லை. பொதுவுடைமைக் கொள்கையில் ஈடுபாடு மிகுந்த அவர், சோவியத் நாட்டில் லைசென்கோ என்பவர் மரபியலையே மறுத்து ஆதிக்கம் செலுத்தியபோது வெளிப்படையாகக் கண்டிக்கத் தயங்கினார். அவருக்கு அறிமுகமான வவிலோவ் என்ற பெரும் மரபியலறிஞர் 1943 இல் சோவியத் சிறையில் மாண்டார். உண்மைக்காகத் தம் உடலைப் பணயம் வைத்தவர், கட்சிப் பற்றால் அவ்வுண்மைக்காகக் குரலை உயர்த்தத் தவறினார். பின்னர் கட்சியை விட்டு விலகினார் எனினும் இக்குறை அவர் வரலாற்றில் நிற்கவே செய்யும்.

என் கேள்விக்கு விடை

இனி என் தாயின் கேள்விக்கு வருகிறேன். இத்தாலி, கிரேக்கம் முதலிய மத்தியதரைக்கடல் நாடுகளில் தலசீமியா என்ற இரத்த நோய் மிகுதி. இரட்டை ஜீன் உடைய குழந்தைகள் அக்காலத்தில் இளமையிலேயே இறந்தனர். அப்படியிருந்தும் ஜீன் குறையவில்லை. திடீர் மாற்றத்தால் புதிது புதிதாக அது தோன்றுகிறது என்று சிலர் கருதினர். ஹால்டேன் கணக்கிட்டு, அத்தனை வேகமாகத் திடீர் மாற்றம் நிகழ இயலாது என்றார். ஒற்றை ஜீன் உடையவர்களுக்கு ஏதோ ஒரு நன்மை இருக்க வேண்டும். மலேரியாவை அவர்களின் இரத்தம் எதிர்த்து நிற்கிறது போலும் என்ற கருத்தை 1948 இல் ஸ்டாக்ஹோம் மாநாட்டில் முன்வைத்தார். நோய்க் கிருமிகளே பரிணாமத்தின் பெருஞ் சிற்பிகள் என்ற கருத்தை அடுத்த ஆண்டு தனிக் கட்டுரையாக விரித்தார்.

அந்தோணி ஆலிசன் என்ற மருத்துவர் 1954 இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் இதனை அரிவாள் செல் ஜீனுக்குச் சான்றுடன் நிறுவினார். ஒற்றை ஜீன் உடைய குழந்தைகளின் இரத்தத்தில் மலேரியாக் கிருமி குறைவாகவே இருந்தது. இதற்கு இரண்டாண்டுகள் முன்னர், 1952 இல், லேமன், கட்புஷ் என்ற இருவர் இந்தியாவிலும் அரிவாள் செல் உண்டு என்று கண்டறிந்தனர். எங்கே தெரியுமா? நம் நீலகிரி மலைப் பழங்குடிகளிடத்தில். நூலகத்தில் அவ்வரியைக் கண்டபோது என் கை நடுங்கிற்று.

மீண்டும் ஒரு கணக்கு. மலேரியா மிகுந்த ஊர் ஒன்றில், இயல்பான இரத்தம் உடையவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் மலேரியாவால் இளமையில் மாள்கின்றனர் என்றும், இரட்டை ஜீன் உடைய குழந்தைகள் அனைவரும் மாள்கின்றனர் என்றும், ஒற்றை ஜீன் உடையவர் இரண்டிலிருந்தும் தப்புகின்றனர் என்றும் கொள்வோம். தலைமுறைகள் சென்றால் அந்த ஜீன் பதினொன்றில் ஒரு பங்கு என்ற அளவில் நிலைபெறும். நூறு குழந்தைகளில் 16 அல்லது 17 பேர் ஒற்றை ஜீனுடன் பிறப்பர். மலேரியா எட்டுப் பேரையும் இரத்த நோய் ஒருவரையும் கொண்டுபோகும். ஆக இழப்பு ஒன்பது. அந்த ஜீன் அறவே இல்லாதிருந்தால் இழப்பு பத்து.

ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையே உள்ள அந்த ஒன்றால்தான் ஜீன் தலைமுறைகளைக் கடந்து வந்தது. கூட்டம் தழைத்தது. ஆனால் அதற்குரிய விலையைக் கொடுத்தது அந்த ஒரு குழந்தை. என் மாமன் மகன் முகம் எனக்கு நினைவு வந்தது. இயற்கைத் தேர்வுக்குக் கணக்கு உண்டே தவிர இரக்கம் இல்லை. இரக்கம் காட்ட வேண்டியவர்கள் நாம்தான்.

இந்தியாவில் இறுதி நாட்கள்

மகலனோபிஸ் அவர்களின் அழைப்பை ஏற்று, 1957 இல் ஹால்டேன் தம் மனைவி ஹெலன் ஸ்பர்வேயுடன் கல்கத்தா வந்து இந்தியப் புள்ளியியல் கழகத்தில் பணியேற்றார். இந்திய உடை உடுத்தார். புலால் உண்பதை விட்டார். இந்தியக் குடியுரிமையும் பெற்றார். 1961 இல் அக்கழகத்தை விட்டு நீங்கி, மறு ஆண்டு ஒரிசாவின் புவனேசுவரத்தில் மரபியல், உயிரளவையியல் ஆய்வகத்தை அமைத்தார்.

விலையுயர்ந்த கருவி இல்லை என்று ஏங்குவோருக்கு அவர் காட்டிய வழி எளியது. கண்ணும் பொறுமையும் எண்ணத் தெரிந்த மூளையும் போதும் என்பது அவர் கொள்கை. அவருடைய மாணவர் துரோணம்ராஜு வேலியோரத்து உண்ணிச்செடியில் எந்த வண்ணத்துப்பூச்சி எந்த நிறப் பூவை நாடுகிறது என்று எண்ணினார். டேவிஸ் தென்னை மரங்களில் இடப்புறம் சுழல்வன எத்தனை, வலப்புறம் சுழல்வன எத்தனை என்று எண்ணினார். நம் கல்லூரி வேலியில் உண்ணிச்செடி இல்லையா? நாம் என்றேனும் எண்ணியதுண்டா?

புற்றுநோய் கண்டு இலண்டனில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஹால்டேன், மருத்துவமனையில் இருந்தபடியே தம் நோயைப் பற்றி நகைச்சுவைக் கவிதை எழுதினார். 1964 ஆம் ஆண்டு டிசம்பர் 1 ஆம் நாள் புவனேசுவரத்தில் காலமானார். அவருடைய விருப்பப்படியே உடல் ஆந்திர மாநிலம் காக்கிநாடாவிலுள்ள ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு மாணவர்கள் அறுத்துப் படிப்பதற்காக அளிக்கப்பட்டது. சுரங்கத்தில் தொடங்கிய ஆய்வு, மேசைமேல் முடிந்தது.

சென்ற விடுமுறையில் என் தாயிடம் விடை சொன்னேன். நம் இரத்தம் கெட்டுப்போகவில்லை அம்மா. காட்டுக் காய்ச்சல் நம் முன்னோரைக் கொண்டுபோகாமல் காவல் நின்ற இரத்தம் இது என்றேன். 1953 இல் மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தபின் நாட்டில் அக்காய்ச்சல் பெரிதும் குறைந்தது. எங்கள் மலையில் இன்று காவலுக்கு வேலை இல்லை. காவலுக்குரிய கூலி மட்டும் நிற்கிறது. புகை நீங்கிய காட்டில் கரிய பூச்சி நிற்பது போலத்தான் நாங்களும் நிற்கிறோம். ஆனால் பூச்சிக்கு இல்லாத ஒன்று எங்களுக்கு உண்டு. எங்களால் கணக்குப் போட முடியும்.

வீட்டில் என் திருமணப் பேச்சைத் தொடங்கியிருக்கிறார்கள். மாமனின் மூத்த மகனுக்கு என்னைக் கொடுக்க வேண்டும் என்பது இரு வீட்டாரின் நெடுநாள் எண்ணம். தம்பி அந்நோயால் இறந்தவன். நோயில்லாத அண்ணனுக்கு ஒற்றை ஜீன் இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. அவரிடமும் ஒற்றை, என்னிடமும் ஒற்றை என்றானால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு நோய்க்கு வாய்ப்பு. இதை அத்தானிடம் தாளில் எழுதிக் காட்டினேன். சற்று நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். இறந்த தம்பியின் பெயரை ஒருமுறை சொன்னார். மறுநாள் காலை பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்து வந்தார்.

இதை எழுதும் இன்றுவரை முடிவு வரவில்லை. எது வந்தாலும் எங்கள் இருவர் இரத்தத்திலும் இழிவு ஏதும் இல்லை என்பதை அறிந்தே ஒரு முடிவு எடுப்போம். நான் பிறப்பதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்னரே மறைந்துவிட்ட அந்த அறிஞருக்கு இக்கட்டுரை என் வணக்கம்.